பள்ளி அறிவியலில் அடிப்படை அறிவைச் சோதித்தல்: தருமபுரி மாவட்டக் குடிநீரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உயிரியலும் இயற்பொருள் அறிவியலும் பள்ளித் தேர்வுகளில் தனித்தனிப் பகுதிகளாகச் சோதிக்கப்படுகின்றன. அன்றாட வாழ்வில் எழும் வினாக்களோ இவ்விரண்டையும் ஒருசேர வேண்டி நிற்பவை. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்த தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு வினா மாணவரின் எந்த அறிவை அளக்கிறது, பிழையான விடையிலிருந்து ஆசிரியர் எதனை அறியலாம், வினாவின் தரத்தை எவ்வாறு கணக்கிடலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அடைவுத் தேர்வு, குறையறி சோதனை, புளூரைடு, தருமபுரி, வினாப் பகுப்பாய்வு, கலைச்சொல்

முன்னுரை

தகடூர் எனப் பழம்பெயர் கொண்ட தருமபுரி, 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழக மாவட்டங்களுள் அதுவே மிகக் குறைவு. கல்வி பற்றிய பேச்சுகளில் தருமபுரிக்குப் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்னும் அடைமொழி தவறாமல் வந்து சேர்வதற்கு இவ்வெண் ஒரு காரணம்.

அறிவியல் கல்வியைப் பொறுத்தவரை இம்மாவட்டத்திற்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. இங்குள்ள கடினப் பாறைகளின் கனிமங்களிலிருந்து புளூரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரையே பல்லாண்டுகள் பருகிய ஊர்களில் பற்களில் பழுப்புக் கறையும், சிலருக்கு எலும்பு, மூட்டுப் பாதிப்புகளும் காணப்பட்டன. இதற்குத் தீர்வாக ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளூரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013 மே மாதம் பயன்பாட்டிற்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஒரு நோயின் பெயர் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

குழாயில் காவிரி நீர் வராத நாள்களில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றை நாடுவது இயல்பு. அப்போது வீட்டில் எழும் வினா எளியது: ‘இந்த நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?’ எட்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவரிடம் இதற்கு விடை கூறத் தேவையான அனைத்தும் உள்ளன. பள்ளித் தேர்வு அவ்விடையை ஒருபோதும் கேட்பதில்லை என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல்.

நடைமுறையிலுள்ள சோதனைகள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்குச் செய்முறை 25 மதிப்பெண், எழுத்துத்தேர்வு 75 மதிப்பெண். 2019-20 முதல் வழக்கிலுள்ள அமைப்பில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12, இரு மதிப்பெண் வினாக்கள் 7, நான்கு மதிப்பெண் வினாக்கள் 7, ஏழு மதிப்பெண் வினாக்கள் 3 எழுதப்பெற வேண்டும். எழுத்துத்தேர்வில் தேர்ச்சிக்கு 20 மதிப்பெண் போதும். முதலிரு பகுதிகளின் கூட்டுத்தொகையே 26 என்பதால், காரணம் காட்டி ஒரு பத்தி எழுதாமலேயே ஒருவர் அறிவியலில் தேர்ச்சி பெற இயலும். பின்தங்கிய மாணவரைக் கரைசேர்க்க இது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பாட இறுதியில் உள்ள ‘மதிப்பீடு’ பகுதியை மனனம் செய்வதே அறிவியல் கற்றல் என்னும் எண்ணமும் இதனால் வேரூன்றுகிறது.

எட்டாம் வகுப்பினருக்கான தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு இன்னொரு வகை. இதன் படிப்பறிவுத் தாளின் 90 வினாக்களில் 35 அறிவியல் வினாக்கள். அனைத்தும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. தகுதி பெறுவோர்க்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைப்பதால், வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது வாழ்வையே மாற்றக்கூடிய தேர்வு. ஆயின் இதன் நோக்கம் தெரிவு செய்தலே. எவர் எதனை அறியவில்லை எனக் காட்டுவதன்று.

தேசிய அடைவு ஆய்வோ மாணவரைத் தனித்தனியே மதிப்பிடாமல் மாவட்டத்தையும் மாநிலத்தையும் மதிப்பிடுகிறது. 2017இலும் 2021இலும் நடைபெற்ற ஆய்வுகள் மாவட்ட வாரியாக அறிக்கை தந்தன. இவ்வெண்களைப் படிக்கும்போது தேர்வு நடந்த சூழலையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு ஆய்வு நவம்பர் 12 அன்று நடந்தது. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் கொரோனாக் கால விடுமுறைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பியதே அதே நவம்பர் 1ஆம் நாள்தான். இடையில் தீபாவளியும் வந்தது. இரு வாரம்கூட வகுப்பறையில் அமராத எட்டாம் வகுப்பு மாணவரின் அறிவியல் மதிப்பெண்ணை ஆசிரியரின் திறனுக்கோ மாவட்டத்தின் திறனுக்கோ சான்றாகக் காட்டுவது முறையாகாது.

பன்னாட்டு அளவில் பீசா என்னும் தேர்வில் தமிழ்நாடு ஒருமுறை பங்கேற்றது. 2009+ சுற்றில் தமிழகமும் இமாச்சலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் வெளியான முடிவுகளில் அறிவியலில் தமிழகத்தின் சராசரி 348; வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு அன்று பெற்ற சராசரி 501. அடிப்படை நிலையை எட்டிய தமிழக மாணவர் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் மட்டுமே. வினாக்கள் இந்தியச் சூழலுக்கு அயலானவை என்னும் காரணம் கூறப்பட்டு, பின்வந்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. அக்காரணம் பாதியளவே சரி. அயலான சூழல் மாணவரைத் தடுமாற வைக்கும் என்பது உண்மை. உள்ளூர்ச் சூழலில் அமைந்த வினாக்களை நம் தேர்வுகளாவது கேட்கின்றனவா என்று திருப்பிக் கேட்டால் விடை கூறுவது கடினம்.

ஒரே பொருள், மூன்று வினாக்கள்

புளூரைடு குறித்து மூன்று வகையில் வினா அமைக்கலாம். முதலாவது: ‘குடிநீரில் எந்த அயனி மிகுந்தால் பற்களில் கறை உண்டாகும்?’ பாடத்தில் படித்த ஒரு சொல்லை நினைவில் வைத்திருந்தால் போதும். இவ்வினா பயனற்றதன்று, பெயரே அறியாதவர் மேலே செல்ல இயலாது. ஆனால் இதற்குச் சரியாக விடையளித்தவர் வீட்டில் நீரைக் காய்ச்சியே குடிக்கக்கூடும்.

இரண்டாவது: ‘லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளூரைடு உள்ள 2 லிட்டர் நீர், கொதித்து 1.5 லிட்டராகக் குறைகிறது. எஞ்சிய நீரில் புளூரைடின் அளவு என்ன?’ நீர் ஆவியாகும். கரைந்த உப்பு ஆவியாகாது. மொத்தம் 6 மில்லிகிராம் அப்படியே 1.5 லிட்டரில் தங்குவதால், லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆகிறது. காய்ச்சுதல் புளூரைடைக் குறைக்கவில்லை, செறிவைக் கூட்டியிருக்கிறது. உப்பளத்தில் கடல்நீரிலிருந்து உப்பு எடுக்கும் அதே கொள்கைதான் இங்கும் உள்ளது. உப்பளம் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் மாணவர் இவ்வினாவில் தடுமாறுவாரானால், அவர் கற்றது உப்பளத்தைப் பற்றிய பத்தியையே, ஆவியாதலை அன்று.

மக்கள் ஏன் காய்ச்சுதலை நம்புகின்றனர் என்பதையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். அந்நம்பிக்கை அறியாமையால் மட்டும் வந்ததன்று. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்ள ‘நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்’ எனச் சுகாதாரத்துறை பல தலைமுறைகளாகக் கூறிவருகிறது; அது முற்றிலும் சரி. வெப்பம் நுண்ணுயிரியைக் கொல்லும் என்னும் உயிரியல் உண்மை, கரைபொருள் ஆவியாகாது என்னும் வேதியியல் உண்மையோடு ஒரே அடுப்பில் சந்திக்கிறது. முன்னதை மட்டும் அறிந்தவர் பிழை செய்வார். இரண்டையும் தனித்தனியே அறிந்து இணைத்துப் பார்க்காதவரும் அதே பிழையைச் செய்வார். உயிரியல் பகுதி, இயற்பியல்-வேதியியல் பகுதி எனப் பிரித்துக் கேட்கும் வினாத்தாள் இவ்விணைப்பைச் சோதிக்க வாய்ப்பே இல்லை.

மூன்றாவது வகை காரணங்காணும் ஆற்றலைச் சோதிப்பது: ‘ஓர் ஊரில் அக்காளின் பற்களில் பழுப்புக் கறை உள்ளது. பத்தாண்டு இளைய தம்பிக்குக் கறை இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவ்வூருக்கு ஆற்றுநீர் குழாய் வழியே வந்தது. இக்கறை மரபுவழிப்பட்டது என்று ஒருவர் கூறுகிறார். அவருக்கு என்ன மறுமொழி கூறலாம்? இந்த ஒரு குடும்பம் மட்டும் போதிய சான்றாகுமா?’ ஒரு குடும்பம் சான்றாகாது, பல குடும்பங்களை ஒப்பிட வேண்டும் என்று எழுதும் மாணவர் மரபியலையும் கடந்து அறிவியல் முறையையே தொட்டுவிடுகிறார். இதனை நீட்டி, ‘முப்பது வயதில் அவ்வூருக்குக் குடிவந்தவரின் பற்களில் புளூரைடுக் கறை தோன்றுமா?’ என்றும் கேட்கலாம். பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில் உருவாகும்போதே புளூரைடு அதனைப் பாதிக்கிறது. உருவாகி முடிந்த எனாமலில் அக்கறை புதிதாகத் தோன்றாது. எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால் அவருடைய எலும்புக்குத் தீங்கு நேரலாம். பற்களில் கறை இல்லாமையே நீர் தூயது என்பதற்குச் சான்றாகாது என்னும் முடிவு, இம்மாவட்டத்துக் குடும்பங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது.

இத்தகைய வினாக்களை அமைக்கையில் ஓர் எச்சரிக்கை தேவை. கறைபடிந்த பற்களுடைய பிள்ளை அதே வகுப்பில் அமர்ந்திருக்கலாம். வாய் திறந்து சிரிக்கக் கூசும் பிள்ளையைப் பாடப்பொருளாக்கிவிடக் கூடாது. வினா எப்போதும் நீரைப் பற்றியதாக, வேறோர் ஊரைப் பற்றியதாக அமைதல் நலம்.

பிழையான விடையின் பயன்

தேர்ந்தெடு விடை வினாவில் சரியான விடையைவிடப் பிழையான மூன்று விடைகளை அமைப்பதே கடினமான பணி. மாணவர் உண்மையில் எண்ணக்கூடிய பிழைகளாக அவை இருத்தல் வேண்டும். ‘ஒரு வேப்பமரத்தின் உலர் எடையின் பெரும்பகுதி எதிலிருந்து வந்தது?’ என்று கேட்டு, மண், உரம், காற்று, சூரிய ஒளி என விடைகள் தந்தால் பெரும்பாலோர் மண்ணையே நாடுவர். பெல்ஜிய அறிஞர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு கூடியது, மண் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு. 1648இல் வெளியான இம்முடிவு மண் உணவன்று எனக் காட்டியது. நீரே மரமாயிற்று என அவர் கருதியதும் பிழையே. காற்றின் கார்பன் டை ஆக்சைடு அதில் பெரும்பங்கு வகிப்பது பின்னரே தெளிவாயிற்று. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவர் இவ்வினாவில் மண்ணைத் தேர்ந்தெடுத்தால், சமன்பாட்டின் இடப்பக்கத்தில் உள்ள வாயுவுக்கும் கண்முன் நிற்கும் மரத்துக்கும் அவர் மனத்தில் தொடர்பு ஏற்படவில்லை என்பது புலனாகும். சூரிய ஒளியைத் தேர்ந்தவரின் பிழை வேறு: அவர் ஆற்றலையும் பருப்பொருளையும் ஒன்றாகக் கொள்கிறார். இருவர்க்கும் சுழியம் மதிப்பெண்ணே. கற்பிக்க வேண்டியதோ வெவ்வேறு.

1992இல் ஹெஸ்டினஸ் முதலியோர் இயற்பியலில் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்க வெளியிட்ட வினாத்தொகுப்பு இம்முறையிலேயே அமைந்தது. அதில் கணக்கீடு இல்லை. ஒவ்வொரு பிழை விடையும் மாணவரின் இயல்பான ஓர் எண்ணத்தைப் பிரதிபலிப்பது. கணக்குகளைச் சரியாகப் போடும் கல்லூரி மாணவர் பலரும் அதில் தடுமாறினர். 1988இல் டிரெகஸ்ட் விளக்கிய இரண்டடுக்கு வினாமுறை மேலும் ஒரு படி செல்கிறது. முதலடுக்கில் விடை, இரண்டாமடுக்கில் காரணம். ‘காய்ச்சினால் புளூரைடு நீங்காது’ என்று சரியாகக் குறித்த மாணவர், காரணமாக ‘புளூரைடு நுண்ணுயிரி வெப்பத்தைத் தாங்கவல்லது’ என்பதைத் தேர்ந்தால், ஒற்றையடுக்கு வினாவில் அவர் முழு மதிப்பெண் பெற்றுச் சென்றிருப்பார்.

சொல்லால் வரும் தடை

தமிழில் அறிவியல் வினா எழுதுவோர் பேச்சுமொழிக்கும் கலைச்சொல்லுக்கும் இடையிலுள்ள மோதலைக் கருத்தில் கொள்ள வேண்டும். சிமெண்ட் மூட்டையின் ‘எடை’ 50 கிலோ என்பது கடைவீதி வழக்கு. இயற்பியலில் அது நிறை, எடையின் அலகோ நியூட்டன். ‘வெப்பம் 104 டிகிரி’ என நாளிதழ் எழுதுவது வெப்பநிலையை. பப்பாளி சூடு, மோர் குளிர்ச்சி என்னும் வழக்கில் சூடு என்பது வெப்பநிலைமானி காட்டும் அளவு அன்று. உடலின் தன்மை பற்றிய மரபுவழிக் கருத்து. ‘மரங்கள் கரியமில வாயுவைச் சுவாசித்து ஆக்சிஜனை வெளிவிடுகின்றன’ என்னும் சுவரெழுத்துத் தொடர் பல ஊர்களில் காணக்கூடியது. ஒளிச்சேர்க்கையையும் சுவாசித்தலையும் அது ஒன்றாகக் குழப்புகிறது. மாணவர் பிழை செய்யும்போது அது கருத்துப்பிழையா சொற்பிழையா என்பதைப் பிரித்தறிய, அதே வினாவைக் கலைச்சொல் இன்றி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் பயிலும் தருமபுரியில் இது கூடுதல் தேவையாகிறது. ஈழத்துப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு எனக் குறிப்பதைத் தமிழகத்து நூல்கள் ஒளிச்சேர்க்கை என்கின்றன. சொல் மாறினும் இலையில் நிகழ்வது ஒன்றே என்பதை மாணவர் உணர்ந்தாரா என்பதுதான் சோதனைக்கு உரியது.

வினாவைச் சோதித்தல்

மாணவரைச் சோதிக்கும் வினாவும் சோதனைக்கு உட்பட்டதே. இதற்குக் கணினி தேவையில்லை. 60 மாணவர் எழுதிய ஒரு தேர்வு எனக் கொள்வோம். மொத்த மதிப்பெண் வரிசையில் மேல் 27 விழுக்காட்டினரும் கீழ் 27 விழுக்காட்டினரும், அதாவது பதினாறு பதினாறு பேரின் தாள்கள், தனியே எடுக்கப்படுகின்றன. ஒரு வினாவுக்கு மேற்குழுவில் 13 பேரும் கீழ்க்குழுவில் 5 பேரும் சரியாக விடையளித்திருந்தால், 32 பேரில் 18 பேர், அதாவது 0.56 என்பது அதன் எளிமை அளவு. குழுக்களின் வேறுபாடான 8ஐப் பதினாறால் வகுத்தால் வரும் 0.5 அதன் பாகுபடுத்தும் திறன், நல்ல வினா. இன்னொன்றில் மேற்குழுவில் 4 பேரும் கீழ்க்குழுவில் 9 பேரும் சரியெனில் அத்திறன் குறை எண்ணாகிறது. அப்போது பிழை மாணவரிடம் இருப்பதைவிட வினாவிலோ விடைக்குறிப்பிலோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. ‘தாவரங்கள் சுவாசிக்கும் வாயு எது?’ என்று கேட்டு, கார்பன் டை ஆக்சைடு என விடைக்குறிப்பு தயாரித்தால் இதுவே நேரும்: பாடத்தை உணர்ந்தவர் ஆக்சிஜன் என எழுதி மதிப்பெண் இழப்பர்.

ஊகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நான்கு விடைகள் கொண்ட 40 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால் சராசரியாக 10 சரியாகும். 35 விழுக்காடு தேர்ச்சி எனில் 14 வேண்டும். அதை வெறும் ஊகத்தாலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவர் எட்டிவிடுவார். 90 வினாக்களில் 40 விழுக்காடு வேண்டுமெனில் ஆயிரத்தில் ஓரிருவரே அவ்வாறு தப்ப இயலும். பத்து வினாக்கள் கொண்ட வகுப்புத் தேர்வைக் கொண்டு ‘இம்மாணவருக்கு அறிவியல் வராது’ என்று முடிவு செய்வது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை இக்கணக்கே காட்டும்.

செய்முறையும் முடிவுகளின் பயன்பாடும்

2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பெற்ற வானவில் மன்றம் வழியாக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்க்கு எளிய ஆய்வுகள் செய்துகாட்டப்படுகின்றன. ஊர்களில் குடிநீரைச் சோதிக்கும் களப்பெட்டியும் இன்று கிடைக்கக்கூடிய பொருள். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதனைக் கையாளும் பயிற்சி தரப்படுகிறது. நீரில் வினைப்பொருளைச் சேர்த்து, தோன்றும் நிறத்தை நிற அட்டையுடன் ஒப்பிட்டுப் புளூரைடின் அளவைக் கண்டறிவது எட்டாம் வகுப்பினரால் இயலாத செயலன்று. இந்திய தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை. தம் ஊரின் மூன்று நீராதாரங்களை அளந்து, குடிக்க எது, துணி துவைக்க எது எனக் காரணத்துடன் எழுதச் சொல்வதே ஒரு முழுமையான தேர்வு. அதில் வேதியியலும் உயிரியலும் அளவீட்டுப் பிழையும் அடங்கிவிடுகின்றன.

பொதுத்தேர்வு முடிவு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஓர் எண்ணாக மட்டுமே வந்து சேர்கிறது. எந்த வினாவில் எந்தப் பிழை எத்தனை பேரால் செய்யப்பட்டது என்பது விடைத்தாள் கட்டுகளோடு நின்றுவிடுகிறது. பள்ளி அளவிலான தேர்வில் இத்தடை இல்லை. விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர், ஒவ்வொரு வினாவுக்கும் நேரே பிழை விடைகளை எண்ணி ஒரு தாளில் குறித்தால், அடுத்த வாரம் எதனை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது அத்தாளிலேயே தெரியும். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு வகுப்பில் நாற்பது பேருள் இருபத்தைவர் ‘காய்ச்சினால் புளூரைடு நீங்கும்’ எனக் குறித்திருந்தால், ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது ஒரு பாத்திரத்தில் உப்புநீரைக் கொதிக்கவைத்து, சுண்டிய நீரை ஆறவிட்டு மாணவர் நாவில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் செய்வது.